வாரியம் வந்த வழி

பல்லேகலயில் மத்திய மாகாண சபையின் அலுவலகத் தொகுதி இருக்கின்றது. எமது அங்கத்தவர்களிற் பலர் ஆசிரியர் இடமாற்றம், உள்ளூர் வீதி என்று ஏதாவதொரு காரியமாக அங்கே படியேறி இறங்கியவர்களே. சபைக்குரிய அங்கத்தவர் தொகை ஐம்பத்தெட்டு. 2018 ஒக்டோபரில் சபையின் பதவிக்காலம் முடிவுற்றது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தல் இன்றியே கழிந்தன. உத்தியோகத்தர் இருந்தனர், கோவைகள் இருந்தன, ஆளுநர் இருந்தார். மக்கள் தெரிந்தனுப்பிய அங்கத்தவர்தாம் இல்லை.

மாகாண சபையின் மந்திரிமாரைச் சேர்த்து ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்றே அரசியலமைப்புக் குறிப்பிடுகின்றது. முதலமைச்சரும் அவருக்குமேல் நால்வருக்கு மேற்படாத அமைச்சரும் கொண்ட குழு அது. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதனை ‘அமைச்சர் வாரியம்’ என்று எழுதக் காண்கின்றோம். ‘போர்ட்’ என்ற சொல் 1931இலும் இந்நாட்டில் மந்திரிமாரைக் குறித்தது. ‘வாரியம்’ என்ற சொல்லோ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது. இவ்விரண்டு சொற்களும் நடந்து வந்த வழியை இம்மலரில் சிறிது பின்தொடர்ந்து பார்க்க எண்ணினோம். சங்கத்தின் செயற்குழுவில் முதன்முறையாக அமரப்போகும் இளைஞர்களையும், பலமுறை அமர்ந்து சலித்த பெரியோர்களையும் மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூர் என்றோர் ஊர். சோழர் காலத்தில் அது ஒரு சதுர்வேதிமங்கலம். அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனுடைய இரண்டு கல்வெட்டுகள் உள. ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது, அதாவது 919. மற்றொன்று பதினான்காம் ஆட்சியாண்டு, 921. இரண்டும் ஊர்ச்சபை தன் வாரியங்களை எவ்வாறு தெரிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்கின்றன. குடவோலை என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருமே படித்திருக்கின்றோம். குடத்தில் ஓலையிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அக்கல்வெட்டின் பெரும்பகுதி குடத்தைப் பற்றியதன்று. யாருடைய பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்பதைப் பற்றியது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பதை இன்றைய வட்டாரம் என்று கொள்ளலாம். ஒருவருடைய பெயர் ஓலையில் எழுதப்பட வேண்டுமாயின் அவருக்குக் கால்வேலிக்கு மேல் இறைநிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். முதற் கல்வெட்டில் வயதெல்லை முப்பதும் அறுபதுமாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதனை ஐந்தும் பத்துமாக உயர்த்தியிருக்கின்றார்கள். முதல் ஏற்பாட்டில் ஏதோ இடைஞ்சல் கண்டிருக்கின்றார்கள் என்பது தெளிவு. சபை விதிகளைத் திருத்துவது இளைஞரின் அவசர புத்தி என்று நினைக்கும் பெரியோர் இதனைக் கவனிப்பார்களாக. இங்கே திருத்தியவர்கள் பெரியோரே.

கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது என்பது ஒரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்பது மற்றொன்று. அவர் மட்டுமல்லர், அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், உடன்பிறந்தாரை மணந்தவர், மருமகன் என்று உறவுமுறை வரிசையாக அடுக்கப்பட்டு அவர்களும் விலக்கப்படுகின்றனர். ஒருவன் கணக்குக் காட்டாவிட்டால் மைத்துனன் என்ன செய்வான் என்று இன்று கேட்கத் தோன்றும். அக்காலத்தார் மைத்துனனை நம்மிலும் நன்றாக அறிந்திருந்தார்கள் போலும். பிறர் பொருள் கவர்ந்தவர், கள்ளக் கையெழுத்திட்டவர், கழுதைமேல் ஏறியவர் ஆகியோருக்கும் இடமில்லை. கழுதை ஏற்றம் அக்காலத்துத் தண்டனை; ஆசையாக ஏறியவரை அது குறிக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

இவ்வளவு பேரையும் வடித்தெடுத்த பிறகே குடம் வருகின்றது. சிறியோர் பெரியோர் அடங்க மகாசபை கூடும். ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் சபை மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களுள் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். விடயம் ஒன்றுமறியாத பாலகன் ஒருவன் பகல் வெளிச்சத்தில் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுத்து வேறொரு குடத்தில் இடுவான். அதைக் குலைத்த பின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனை வாங்க வேண்டும். கைக்குள் வேறோலை மறைந்திருக்கலாகாது அல்லவா! அவன் வாசித்த பின் மண்டபத்து நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். ஒருவர் வாசித்ததை மற்றவர் நம்பினால் போதாது என்று நினைத்திருக்கின்றார்கள்.

இப்படி எடுத்த முப்பது பேரில் முன்னர் தோட்டம், ஏரி வாரியங்களில் பணிசெய்து கல்வியிலும் வயதிலும் முதிர்ந்த பன்னிருவர் சம்வத்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியமாகவும் அமைவர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்கு வேறாக ஓலை எடுக்கப்படும். முந்நூற்று அறுபது நாள் பணிசெய்து ஒழிய வேண்டும். இடையில் குற்றம் கண்டால் அப்பொழுதே விலக்க வேண்டும். ஆண்டு வாரியத்துக்கு வருவோர் முதலில் ஏரியையோ தோட்டத்தையோ பார்த்திருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது. சேறு மிதித்த பிறகே ஆசனம்.

கணக்கனைப் பற்றிய விதியையும் தனியே சொல்ல வேண்டும். நேர்மையான வழியிற் பொருளீட்டியவனே கணக்கெழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டு வந்து பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூய்மை பெறும் வரையில் அவன் வேறு கணக்கில் புகக்கூடாது. அவன் கணக்கை முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கனும் புகக்கூடாது.

இவ்விதியைப் படித்தபோது எமக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. நாம் அங்கத்துவம் வகித்த ஒரு சங்கத்தில் (பெயர் வேண்டியதில்லை, அச்சங்கம் இன்று இல்லை) வாசிகசாலைக் கட்டட நிதி சேர்த்தோம். செயற்குழுவில் பதினைந்து பேர். கூட்டத்துக்கு வருவோர் நால்வர் அல்லது ஐவர். தனாதிகாரி நல்ல மனிதர். பணத்தில் ஒரு சதத்தையும் அவர் தொட்டிருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகின்றோம். ஆனால் பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு வைத்திருந்தார். வேலை கிடைத்து அவர் வெளிநாடு போனார். அடுத்து வந்தவரிடம் பேணி கொடுக்கப்பட்டது. அவர் இரண்டு மாதம் போராடிப் பார்த்துவிட்டு, தாம் எழுதாத கணக்குக்குத் தாம் கையெழுத்திட முடியாதென்றார். அவர் சொன்னதும் நியாயமே. குழுவிலிருந்த நாமெல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்; அந்தக் கணக்கை ஓராண்டு முழுதும் எங்களில் ஒருவராவது கேட்டதில்லை. அடுத்த ஆண்டு சந்தா கேட்டுப் போனபோது கதவுகள் திறக்கவில்லை. கட்டடம் அத்திவாரத்தோடு நின்றது. களவு போகாத பணத்தாலேயே ஒரு சங்கம் அழிந்தது.

உத்தரமேரூரைப் புகழ்வோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். அது பிராமணர் ஊர். நிலமும் மனையும் உடையோரின் சபை. அந்த ஏரியின் நீரைக் கால்வாயிற் பாய்ச்சி உழுதவனுடைய பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. பெண்கள் பெயரும் எழுதப்படவில்லை. கணக்கு விதியிற் சிறந்த அச்சபை, யாருக்குக் கணக்குக் காட்டுவது என்ற கேள்வியில் மிகக் குறுகி நின்றது. அந்தக் கேள்வி இலங்கையில் பெரிதாக எழுந்தது 1927இல்.

அவ்வாண்டு நவம்பரில் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் நால்வர் கொண்ட கமிஷன் கொழும்பு வந்தது. 1928 ஜனவரி வரை இருந்து சாட்சியம் கேட்டது. சட்டநிரூபண சபையில் அப்போது இனவாரிப் பிரதிநிதித்துவம் இருந்தது. தெரிவான அங்கத்தவர் பேசலாம், குறை சொல்லலாம். நிருவாகப் பொறுப்போ உத்தியோகத்தர் கையில். பொறுப்பில்லாத அதிகாரமும் அதிகாரமில்லாத பொறுப்பும் எதிரெதிரே அமர்ந்திருந்தன. கமிஷனார் இரண்டு பெரிய மாற்றங்களைச் சொன்னார்கள். ஒன்று, இனவாரித் தொகுதிகளை ஒழித்து ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை அளிப்பது. மற்றது, மந்திரிசபைக்குப் பதிலாகக் குழுக்களைக் கொண்டு நாட்டை நடத்துவது. லண்டன் கவுண்டிச் சபை போன்ற ஸ்தல ஸ்தாபனங்களில் நடந்த முறை அது. கட்சிகள் வேரூன்றாத நாட்டில், ஒரு கட்சி ஆள மற்றது எதிர்க்கும் வெஸ்ட்மின்ஸ்டர் முறை பொருந்தாது. எல்லோரும் ஏதாவதொரு குழுவில் அமர்ந்து வேலை கற்கட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். 1929 டிசம்பரில் இத்திட்டத்தைச் சட்டநிரூபண சபை ஏற்றது. அதுவும் இரண்டே வாக்கு வித்தியாசத்தில்.

1931 யூனில் தேர்தல் நடந்தது. யூலையில் அரசாங்க சபை கூடியது. தெரிவானவர் ஐம்பதின்மர், நியமனம் பெற்றோர் எண்மர் என்பது திட்டம். மொத்தம் ஐம்பத்தெட்டு. பல்லேகலச் சபைக்கும் இதே தொகை அமைந்தது தற்செயலே. பிரதம காரியதரிசி, சட்டக் காரியதரிசி, நிதிக் காரியதரிசி என்ற மூன்று உத்தியோகத்தரும் சபையில் இருந்தனர், அவர்களுக்கு வாக்கில்லை. சபாநாயகர் நீங்கலாக ஏனைய அங்கத்தவரெல்லாம் இரகசிய வாக்கினால் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். உள்நாட்டலுவல், விவசாயமும் காணியும், ஸ்தல நிர்வாகம், சுகாதாரம், தொழிலும் கைத்தொழிலும் வர்த்தகமும், கல்வி, போக்குவரத்தும் மராமத்தும் என்பன அவை. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிந்தது. அத்தலைவரே மந்திரி. ஏழு மந்திரிமாரும் மூன்று காரியதரிசிமாரும் சேர்ந்தது ‘போர்ட்’ எனப்பட்ட மந்திரிமார் சபை. வரவு செலவுத் திட்டத்துக்கு மட்டுமே அவர்கள் கூட்டாகப் பொறுப்பு. மற்ற விடயங்களில் மந்திரி தம் குழுவுக்குக் கட்டுப்பட்டவர்; குழுவில் தோற்றால், தாம் விரும்பாத தீர்மானத்தையும் தாமே சபைக்குக் கொண்டுவர வேண்டிய நிலை வரும்.

முதற்குழுக்கள் தெரிந்த எழுவர்: சேர் டி. பி. ஜயதிலக்க, டி. எஸ். சேனநாயக்க, சார்ள்ஸ் பட்டுவந்துடாவ, ரி. பி. பானபொக்க, பெரி. சுந்தரம், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர, எச். எம். மாக்கான் மாக்கார். கண்டியார் இவர்களிற் சிலரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். பானபொக்க கண்டிப் பிரதேசத்தவர். பெரி. சுந்தரமோ மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்திற் பிறந்து கண்டித் திரித்துவக் கல்லூரியிற் படித்து வழக்கறிஞராகி, ஹட்டன் தொகுதியிலிருந்து சபைக்கு வந்தவர். லயத்து வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்த ஒரு தமிழர் தொழில் மந்திரியானார். அவர் அப்பதவியிலிருந்த காலத்திலேயே, 1934இல், வேலையிற் காயமடைந்த தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் வந்தது. யந்திரத்தில் கை போனவனுக்குத் துரையின் தயவைத் தவிர வேறு நீதி இல்லாதிருந்த நிலையை மாற்றத் தொடங்கிய சட்டம் அது. குழுவில் ஓர் ஆசனம் என்பதன் பயன் இதுதான். மேடையிற் பேசிய பேச்சுக்கு இந்தப் பலன் கிட்டியிராது.

இதே வேளையில் வடக்கில் என்ன நடந்தது? யாழ்ப்பாண வாலிப காங்கிரசை இங்குள்ள இளைஞர் அறிந்திருக்க வேண்டும். ஹண்டி பேரின்பநாயகம் முதலிய படித்த இளைஞர்கள் நடத்திய இயக்கம் அது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்களே. சாதியை எதிர்த்தார்கள், சீதனத்தை எதிர்த்தார்கள், பூரண சுயராச்சியம் கேட்டார்கள். டொனமூர்த் திட்டம் சுயராச்சியத்தைத் தரவில்லை என்பதற்காக 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி மக்களைக் கேட்டார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் நியமனப் பத்திரமே தாக்கல் செய்யப்படவில்லை. தெற்கிலும் சிலர் கைதட்டினார்கள். ஆனால் தெற்கில் தேர்தல் நடந்தது.

அந்த இளைஞரின் தூய்மையில் நமக்கு ஐயமில்லை. தமக்கென எதையும் கேட்டவர்களல்லர். ஆயினும் நான்கு நாற்காலிகள் மூன்றாண்டுகள் காலியாக இருந்தன. ஏழு குழுக்களும் அந்நால்வர் இல்லாமலே பிரிந்தன, தலைவர்களைத் தெரிந்தன, வேலையைத் தொடங்கின. வீதி எங்கே, வைத்தியசாலை எங்கே, பாடசாலைக்கு எவ்வளவு என்று பங்கிட்டன. 1934இல் இடைத்தேர்தல் நடந்து அ. மகாதேவா, சு. நடேசன், நெ. செல்வதுரை, ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோர் சபைக்கு வந்தபோது குழுக்களின் தலைமை ஆசனங்கள் எல்லாம் முன்னரே நிரம்பியிருந்தன. பந்தியில் கடைசியாக வந்தவருக்கு இலை கிடைக்கும்; பாயசம் கிடைப்பது சந்தேகம்.

இனி 1936. சற்றுக் கணக்குப் போட வேண்டிய இடம் இது. இளைஞர்கள் பென்சிலை எடுக்கலாம். ஐம்பத்தேழு பேரை ஏழு குழுக்களாகப் பிரித்தால் குழுவுக்கு எட்டுப் பேர். ஒன்றில் ஒருவர் கூட. எட்டுப் பேர் குழுவில் ஐந்து வாக்கு இருந்தால் தலைவரைத் தெரிந்துவிடலாம். எனவே முப்பத்தைந்து பேர் ஒற்றுமையாக, குழுவுக்கு ஐவராகத் தம்மைப் பங்கிட்டுக்கொண்டால் ஏழு மந்திரிமாரும் அவர்களுடையவரே. எஞ்சிய இருபத்திருவருக்கும் ஒரு மந்திரியும் இராது. அவரவர் விருப்பப்படி பிரிந்திருந்தால் இது நேராது. சிறுபான்மையோர் ஐவர் ஏதாவதொரு குழுவில் சேர்ந்தமர இடமிருந்திருக்கும். 1936 தேர்தலின் பின் சிங்கள அங்கத்தவர்கள் இவ்வாறே பங்கிட்டு அமர்ந்தனர். ஜயதிலக்க, சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஜி. சி. எஸ். கொரியா, கன்னங்கர, ஜோன் கொத்தலாவல ஆகிய எழுவரும் சிங்களவர். அரசியற் சீர்திருத்தக் கோரிக்கையை ஒரே குரலில் முன்வைக்க இதுவே வழி என்று காரணம் கூறப்பட்டது. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் என்று அக்காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் ஒரு தமிழர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

எல்லோரும் வேலை கற்கட்டும் என்று வகுத்த முறை, ஒருவரையும் வெளியே தள்ளாமலே சிலரைத் தலைமைக்கு வெளியே வைத்துவிட்டது. விதி மீறப்படவில்லை, ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. சிறுபான்மையோர் மனத்தில் விழுந்த அந்தச் சந்தேகம் பின்னர் சம பிரதிநிதித்துவக் கோரிக்கையாகவும் வேறு பலவாகவும் வளர்ந்தது யாவருமறிந்ததே. பூரண சுயராச்சியம் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்த யாழ்ப்பாணமே, ஐந்தாண்டுக்குள் நாற்காலிகளை எண்ணத் தொடங்கிற்று. மலைநாட்டில் ஹட்டன் தொகுதி 1936இல் கோ. நடேசையரிடம் சென்றது. சபையில் அவர் குரல் ஓயாது ஒலித்தது. ஆனால் தொழிற்குழுவின் தலைமை இப்போது வேறிடத்தில் இருந்தது. 1942இல் ஜயதிலக்க புதுடில்லிக்குப் பிரதிநிதியாகச் சென்ற பின், உள்நாட்டலுவற் குழு மகாதேவாவைத் தெரிந்தது. ஆறாண்டுக்குப் பின் ஒரு தமிழர் மீண்டும் மந்திரியானார்.

குழுமுறையின் குறைகளை அக்காலத்துப் பத்திரிகைகள் நிறைய எழுதின. எட்டுப் பேரும் ஒவ்வொரு கோவையையும் பார்க்க ஆசைப்பட்டனர். யாரை நியமிப்பது, யாரை மாற்றுவது, எந்த ஒப்பந்தகாரருக்கு எந்த வேலை என்பன கொள்கையை விழுங்கின. தமது தொகுதிப் பாலத்துக்காகப் பிறர் தொகுதிப் பாலத்துக்கு வாக்களிக்கும் பண்டமாற்றும் நடந்தது. எமது சங்கங்களில் பந்தலுக்கு எந்த நிறச் சீலை என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, ஆண்டுத் திட்டத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்காமற் போகாது. தலைவர் செய்ய வேண்டியதைக் குழு செய்வதும், காரியதரிசி செய்ய வேண்டியதைத் தலைவர் செய்வதும், காரியதரிசி ஒன்றும் செய்யாதிருப்பதும் நாட்டுக்கும் ஊருக்கும் பொதுவான நோய்.

ஆனால் குறையை மட்டும் சொல்லி விடுவது நீதியன்று. அதே முறைதான் இலவசக் கல்வியைத் தந்தது. கல்விக் குழுவில் கன்னங்கர தலைவர். பல்லேகல அடங்கிய இந்தத் தும்பறைப் பக்கத்தின் அங்கத்தவரான ஏ. ரத்னாயக்க அவருக்குத் துணைநின்றவர்களில் ஒருவர். விசேட கமிட்டியொன்றை அமைத்துச் சாட்சியம் கேட்டு 1943இல் அறிக்கை வெளியிட்டனர். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற தீர்மானம் எதிர்ப்புகளைக் கடந்து 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே மந்திரி பதினாறு ஆண்டு ஒரே குழுவில் அமர்ந்து, ஒரே விடயத்தை விடாது பிடித்ததன் பலன் அது. கடந்த மூன்றாண்டுக்குள் இருந்தவர் மீண்டும் வரலாகாது என்ற உத்தரமேரூர் விதியை இங்கே பிரயோகித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எமக்குள்ளேயே ஒரு கேள்வி எழுகின்றது. பணத்தைக் கையாள்பவர் மாறிக்கொண்டிருக்க வேண்டும். பணியைத் தாங்குபவர் சற்று நிலைத்திருக்க வேண்டும் என்றே எமக்குப் படுகின்றது. வாசகர் வேறாக எண்ணலாம்.

அந்த இலவசக் கல்வியும் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே நெடுங்காலம் கிடந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்ற நிலையே பல இடங்களில். 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கல்விக் குழு 1943இல் அறிக்கை எழுதியபோது லயத்துப் பிள்ளைக்காகப் பேசும் வலிமையான ஆசனம் ஒன்று அங்கே இருந்திருந்தால் அந்த முப்பது ஆண்டும் குறைந்திருக்குமா? சரித்திரத்தில் இப்படிக் கேட்பது முறையன்று என்பர். லயத்திற் பிறந்து பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமாரைப் பார்க்கும்போது கேளாதிருக்க முடியவில்லை.

பெண்களைப் பற்றி ஒரு சொல். உத்தரமேரூர்க் குடத்தில் இடம் பெறாத அவர்கள் 1931இல் வாக்குரிமை பெற்றனர். அவ்வாண்டே இடைத்தேர்தலில் அடலின் மொலமூறே ருவான்வெல்லையிலிருந்தும், 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்தும் சபைக்கு வந்தனர். எமது செயற்குழுப் படங்களில் பெண்கள் எத்தனை பேர் என்று இம்மலரின் பக்கங்களைப் புரட்டி எண்ணிக்கொள்ளலாம். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகாது.

சோல்பரிக் கமிஷன் 1944 டிசம்பரில் வந்தது. குழுமுறையை நீக்கி மந்திரிசபை முறையைச் சிபாரிசு செய்தது. 1947இல் ஏழு குழுக்களும் மறைந்தன. அவ்வாண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களைத் தெரிந்த மக்களை நாடற்றவராக்கிற்று. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமாயின் முதலில் குடும்பில் பெயர் இருக்க வேண்டுமே! அந்தப் பெயரைத் திரும்பப் பெற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

1987இல் பதின்மூன்றாம் திருத்தமும் மாகாண சபைச் சட்டமும் வந்தன. 1988இல் மத்திய மாகாண சபை தெரிவாயிற்று. நாற்பதாண்டுக்கு முன் மறைந்த ‘போர்ட்’ என்ற சொல் மாகாணத்தில் மீண்டும் புழங்கத் தொடங்கியது. அதன்பின் வந்த மாகாண அமைச்சர் வாரியங்களில் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைத்த காலங்களும் உண்டு. தோட்டத்து வீதிக்கும் பாடசாலைக்கும் சிறிது பணம் வந்ததும் உண்டு. சண்டையும் உண்டு, வீண் செலவும் உண்டு. ஆனால் சண்டை பிடிக்கவாவது ஒருவர் அங்கே இருந்தார். 2018க்குப் பின் எமது பகுதிப் பாடசாலைக்கு ஓர் ஆசிரியரைக் கேட்டு மனுக் கொண்டு போனபோது, அதனை வாங்கிய எழுதுவினைஞர் மிகவும் மரியாதையாக நடந்தார். மனுவை யாரிடம் சமர்ப்பிப்பார் என்று கேட்டோம். ஆளுநர் அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். முன்னே அங்கத்தவரின் வீட்டு வாசலில் நின்று காலையிலேயே கேட்டுவிடக்கூடிய கேள்வி அது.

எமது சங்கத்தின் இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்துகின்றோம். போஷகர்களின் சம்மதத்தோடு விதிக்கோவையில் இரண்டு திருத்தங்கள் செய்யப்பட்டன. தனாதிகாரி மூன்றாண்டுக்கு மேல் தொடர்ந்து இருக்கலாகாது என்பது ஒன்று. பதவி விட்டுச் செல்பவர் தாம் எழுதிய கணக்கைத் தாமே சபையில் வாசித்து ஏற்பித்த பின்பே விலகலாம் என்பது மற்றொன்று. காரணமின்றி மூன்று கூட்டத்துக்கு வாராத குழு உறுப்பினரின் இடம் தானாகவே காலியாகும் என்ற மூன்றாவது திருத்தத்துக்குப் போதிய வாக்குக் கிடைக்கவில்லை. வாக்களிக்க வேண்டியவர்களிற் பலர் அன்று வரவில்லை. பின்னர் தனாதிகாரி எழுந்து கணக்கை வாசித்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் பின்வரிசையிலிருந்து இரண்டு கேள்விகள் கேட்டான். மூத்தவர் சிலர் திரும்பிப் பார்த்தனர். முதற் கேள்விக்கு உடனே பற்றுச்சீட்டுக் காட்டப்பட்டது. இரண்டாவது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டு, கூட்டறிக்கையில் பதியப்பட்டிருக்கின்றது.